வாசிக்காமல் கிடக்கும் 186 புத்தகங்கள்: ஆண்டு இலக்கை எதில் எண்ணுவது?

(திருகோணமலைப் பக்கத்து வாசகர்கள் சிலரின் உரையாடல் இது. எழுதுபவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்.)

திருக்கடலூர் — 28.12.2024, இரவு

அலுமாரியில வாங்கி வச்சு இன்னும் வாசிக்காத புத்தகம் 186. இண்டைக்கு ஒவ்வொண்டாத் தொட்டு எண்ணின கணக்கு. மூண்டு வருசமா ஜனவரி முதலாம் திகதி "இந்த வருசம் 50" எண்டு எழுதி வைக்கிறது, டிசம்பரில 20க்குக் கிட்ட நிக்கிறது. அதைவிடப் பெரிய கேள்வி ஒண்டு இருக்கு. 20 வாசிச்ச வருசத்திலயும் வாசிக்காத தொகை குறையேல்ல, கூடித்தான் இருக்கு. இலக்கைக் குறைக்கிறதா, எண்ணுற முறையை மாத்துறதா?

உப்புவெளி — 28.12.2024, இரவு

முறையை மாற்றுங்கள். "50 புத்தகம்" என்பது அளவே இல்லை. 64 பக்கக் கவிதைத் தொகுப்பும் ஒன்று, 700 பக்க நாவலும் ஒன்று. அப்படி எண்ணினால் செப்டம்பர் வந்ததும் கை தானாக மெல்லிய புத்தகங்களுக்குப் போகும். தடித்தவை அப்படியே கிடக்கும். அலுமாரி நிரம்பிக் கிடப்பது பெரும்பாலும் அந்தத் தடித்தவற்றால்தான்.

அச்சகத்தார் புத்தகத்தைப் பாரம் கணக்கில் எண்ணுவார்கள். பெரிய தாளில் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8 என அச்சடித்து மூன்று தரம் மடித்தால் 16 பக்கம். அது ஒரு பாரம். நம் கையில் இருக்கும் கிரவுன், டெமி அளவுப் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த மடிப்பில் வந்தவை. தைத்த புத்தகமென்றால் முதுகை மேலிருந்து பார்த்தாலே பாரம் பாரமாகத் தெரியும்.

இலக்கைப் பாரத்தில் வையுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பாரம். டெமி அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 30 வரி, வரிக்கு 8 சொல் என்று பார்த்தால் பக்கத்துக்கு 240 சொல், பாரத்துக்கு 3,840 சொல். நிமிடத்துக்கு 140 சொல் வாசிப்பவருக்கு 27 நிமிடம் போதும். நாளும் அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை.

கிண்ணியா — 29.12.2024, காலை

உப்புவெளி ஐயா சொன்ன கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

சராசரி 220 பக்கம் என்று வைத்தால் 186 × 220 = 40,920 பக்கம். அதை 16ஆல் பிரித்தால் 2,557 பாரம். ஒரு நாளும் தவறாமல் ஒரு பாரம் வாசித்தால் சரியாக 7 வருடம்.

இதில் புதிதாக வாங்குவது சேரவில்லை. மாதம் இரண்டு புத்தகம் வாங்கினால் வருடத்துக்கு 24, அதாவது 330 பாரம் உள்ளே வரும். 365 வெளியே, 330 உள்ளே. நிகரக் குறைவு வருடத்துக்கு 35 பாரம். 2,557ஐ 35ஆல் பிரியுங்கள்: 73 வருடம்.

தங்கச்சி கேட்ட கேள்விக்கு விடை இந்த 73தான். வாசிப்பு வேகத்தைக் கூட்டி இதை அடைக்க முடியாது. கடையில் சரக்கு தேங்கினால் விற்பனையை மட்டும் பார்க்க மாட்டோம், கொள்வனவையும் பார்ப்போம். இங்கும் அதே கணக்குத்தான்.

திருக்கடலூர் — 29.12.2024

73 வருசம் எண்டதைப் பார்த்து இரண்டு தரம் திருப்பிக் கணக்குப் போட்டன். சரியாத்தான் வருது. ஆனா 220 எண்ட சராசரி எங்கயிருந்து வந்தது?

கிண்ணியா — 29.12.2024

ஊகம்தான். சரியாக எடுக்க வேண்டுமானால் அலுமாரியின் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பத்தாவது புத்தகத்தையும் வெளியே எடுங்கள். 186க்கு 18 புத்தகம் வரும். அவற்றின் பக்கங்களைக் கூட்டி 18ஆல் பிரியுங்கள். பிடித்ததைத் தெரிந்தெடுக்கக் கூடாது, பத்தாவது எதுவோ அதுதான்.

சாம்பல்தீவு — 30.12.2024

அளவு நாடாவாலும் எடுக்கலாம். 70 கிராம் வெள்ளைத்தாளில் 200 பக்கம், அதாவது 100 தாள், ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். தட்டு முழுவதையும் அளந்து 200ஆல் பெருக்கினால் கிட்டத்தட்டப் பக்கத்தொகை கிடைக்கும்.

சாம்பல்தீவு — 30.12.2024, பின்னேரம்

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். இப்போது வரும் பல தமிழ்ப் புத்தகங்கள் மஞ்சள் சாயலுள்ள, எடை குறைந்த, பொத்தென்ற தாளில் அச்சாகின்றன. அதே 200 பக்கம் அதில் ஒன்றேகால், ஒன்றரை சென்ரிமீற்றருக்கும் போகும். புதுப் புத்தகம் கூடுதலாக இருக்கும் அலுமாரியில் நாடா ஏமாற்றும். கிண்ணியாக்காரர் சொன்ன பத்தாவது புத்தக முறைதான் சரி.

உப்புவெளி — 31.12.2024

எது புத்தகம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். யுனெஸ்கோ 1964இல் புள்ளிவிவரத்துக்காக ஒரு வரையறை வைத்தது. அட்டை நீங்கலாகக் குறைந்தது 49 பக்கம் இருந்தால் நூல். 5 முதல் 48 பக்கம் வரை இருந்தால் சிறு பிரசுரம். 48 என்பது சரியாக மூன்று பாரம்.

எங்கள் வீடுகளுக்கு இது முக்கியம். அந்தியேட்டிச் சடங்கில் கிடைக்கும் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்), கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர் எல்லாம் அலுமாரியில்தான் இருக்கும். அவற்றை வாசிக்க வேண்டிய தொகையில் சேர்க்காதீர்கள். தனிப்பெட்டி போடுங்கள். எறியவும் வேண்டாம். ஊர் வரலாறும் குடும்ப விபரமும் வேறெங்கும் கிடைக்காத வடிவில் அவற்றில்தான் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்ற பெயருடைய இலங்கைத் தமிழ் மின்னூலகத்தில் நினைவு மலர்களும் சேர்க்கப்படுகின்றன. பெட்டியில் இருப்பது அங்கே ஏற்கனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மின்வருடலுக்குக் கொடுக்கலாம்.

திருக்கடலூர் — 01.01.2025

18 புத்தகத்தின்ர சராசரி 216 வந்தது. கிண்ணியா நானாவின்ர ஊகம் கிட்டத்தான். இனி 186ஐயும் என்ன செய்யுறது?

உப்புவெளி — 01.01.2025

எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை. மூன்றாகப் பிரியுங்கள்.

வாசிக்க வேண்டியவை. எடுத்துப் பார்க்க வேண்டியவை: அகராதி, தொகுப்பு, இலக்கண உரை, சமையல், மருத்துவம். கொடுத்துவிட வேண்டியவை.

இரண்டாவது வகை வாசிக்காத புத்தகமே அல்ல. அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிப்பதில்லை. அதைப் பட்டியலில் வைத்துக்கொண்டு மனம் உளைவது வீண். வேறு தட்டுக்கு மாற்றினால் கணக்கிலிருந்து போய்விடும்.

பிரிக்கும்போது நிலத்தில் இருந்து செய்யுங்கள். எல்லாவற்றையும் அலுமாரியிலிருந்து இறக்க வேண்டும். தட்டில் இருந்தபடியே முதுகைப் பார்த்து முடிவெடுத்தால் ஒன்றும் வெளியே போகாது. ஒவ்வொன்றையும் திறந்து நடுவில் ஒரு பக்கம் வாசியுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "இன்று கடையில் கண்டால் இதைக் காசு கொடுத்து வாங்குவேனா?" என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் மூன்றாவது குவியல்.

186க்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஜனவரி 13 போயா (பௌர்ணமி விடுமுறை), மறுநாள் தைப்பொங்கல். போயா நாள் இதற்கு நல்லது.

சாம்பல்தீவு — 02.01.2025

கொடுக்கிற குவியலைப் பற்றி ஒன்று. சீர்காழியில் பிறந்த இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. உங்களுக்கு உதவாத புத்தகம் வேறொருவருக்குரியதாக இருக்கலாம். நான்காவது விதி வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பாடசாலை நூலகத்துக்கோ பொது நூலகத்துக்கோ கொடுப்பதானால் முதலில் தலைப்புப் பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். மூட்டையாகக் கொண்டுபோய் வாசலில் வைத்தால் அவர்களுக்குச் சுமை. பழைய பாடத்திட்ட வினாவிடை நூல்களையும் பூச்சி அரித்தவற்றையும் அனுப்பாதீர்கள். ஒரு புத்தகத்தில் பூச்சி இருந்தால் அவர்களின் முழுத் தட்டும் போகும்.

மூதூர் — 04.01.2025

அப் எதுவும் பாவிக்கிறீங்களா? குட்ரீட்ஸ் 2011இலிருந்து ஆண்டு வாசிப்புச் சவால் நடத்துது. அது புத்தகத்தின் எண்ணிக்கையில்தான். ஸ்டோரிகிராஃபில் பக்கக் கணக்கிலும் இலக்கு வைக்கலாம். பக்கத்தை 16ஆல் பிரித்தால் பாரம்.

தமிழ்ப் பதிப்புகளுக்கு இரண்டிலுமே பக்க எண்ணிக்கை பல இடத்தில் வெறுமையாக இருக்கும், அல்லது வேறு பதிப்பின் பக்கம் இருக்கும். கையால் திருத்த வேணும். பட்டைக்குறியை வருடினால் வரும் என்று நம்பி உட்கார்ந்தால் பாதி நாள் போகும். இலங்கைப் பதிப்புகளுக்கு ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச இலக்கம்) 955 அல்லது 624இல் தொடங்கும், முன்னால் 978. 2007க்கு முந்தினவற்றில் பத்து இலக்கம்தான் அச்சாகி இருக்கும். அதற்கும் முந்தியவற்றில் ஒன்றுமே இருக்காது.

கிண்ணியா — 04.01.2025

சி.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட கோட்டுக் கொப்பி) ஒன்று வாங்குங்கள். அது போதும். பக்கத்தை எட்டு நிரலாகக் கோடு போடுங்கள்: இலக்கம், தலைப்பு, ஆசிரியர், பாரம், உள்ளே வந்த திகதி, தொடங்கிய திகதி, வெளியே போன திகதி, எப்படிப் போனது. கடைசி நிரலுக்கு மூன்று எழுத்து: மு முடித்தது, கை கைவிட்டது, கொ கொடுத்தது. புத்தகத்தின் பின்னட்டையின் உள்பக்கம் மேல்மூலையில் அதே இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பேனை வேண்டாம், கொடுக்கும்போது அழிக்க முடியாது.

முழுப் பாரமாக வராத புத்தகத்துக்கு அரைப் பாரம் போடலாம். 200 பக்கம் என்றால் பன்னிரண்டரை. அதற்குக் கீழே போகாதீர்கள். பக்கம் பக்கமாகக் கணக்கு வைத்தால் மார்ச்சில் கொப்பியை விட்டுவிடுவீர்கள்.

திருக்கடலூர் — 14.01.2025

பிரிச்சாச்சு. வாசிக்க 112. பார்க்க 29. கொடுக்க 45. மொத்தம் 186. வாசிக்க வேண்டிய 112இன்ர பாரத்தைச் சராசரி போடாம ஒவ்வொண்டா எழுதிக் கூட்டினன்: 1,490.

கிண்ணியா — 14.01.2025

நல்ல தொடக்கம். ஒரு பக்கமும் வாசிக்காமலே ஆயிரம் பாரத்துக்கு மேல் கழிந்திருக்கிறது. இப்போது ஆண்டு இலக்கு 365 வேண்டாம், 300 போடுங்கள். காய்ச்சல், கலியாணம், செத்தவீடு, வேலை என்று 65 நாள் போகும். நாளுக்கு ஒன்று என்று வைத்து ஒரு கிழமை தவறினால் கடன் ஏறும். கடன் ஏறினால் மனம் விடும்.

உள்ளே வருவதற்கு வரம்பு: இரண்டு வெளியே போனால் ஒன்று உள்ளே. முடித்ததும் கைவிட்டதும் கணக்கு. அந்த 45ஐக் கொடுப்பதை இதில் சேர்க்காதீர்கள், அது பழைய கணக்கு.

உப்புவெளி — 15.01.2025

300ஐப் பன்னிரண்டால் பிரித்து மாதம் 25 என்று போடாதீர்கள். திருகோணமலையில் வருடம் அப்படி ஓடுவதில்லை. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும், பின்னேரங்களில் ஆட்கள் வீட்டோடு. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும், பகலில் வெக்கை. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பருவமும் அதுதான். விடுதி, ஓட்டோ, படகு, கடை என்று வேலை செய்பவர் யாருக்கும் அந்த ஐந்து மாதமும் நேரம் குறைவு.

ஜனவரி, ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஒவ்வொன்றுக்கும் 35: மொத்தம் 140.
பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஒவ்வொன்றுக்கும் 25: மொத்தம் 75.
மே முதல் செப்டம்பர் வரை ஒவ்வொன்றுக்கும் 17: மொத்தம் 85.

கூட்டினால் 300. இந்த வருடம் 12 போயா. ஒவ்வொரு போயாவுக்கும் இரண்டு பாரம் என்று வைத்தால் அதிலேயே 24 போகும்.

சாம்பல்தீவு — 02.02.2025

எனக்கு இதில் ஒரு மறுப்பு இருக்கிறது. எல்லாப் பாரமும் ஒரே எடை அல்ல. நாவலில் ஒரு பாரம் 25 நிமிடம். கட்டுரையில் 40. சங்கப் பாட்டை உரையோடு வாசித்தால் ஒரு பாரத்துக்கு ஒன்றரை மணித்தியாலமும் போகும். திருக்குறளில் 133 அதிகாரம், 1330 குறள். மூலம் மட்டும் என்றால் கையடக்கப் பதிப்பில் சில பாரங்களில் அடங்கிவிடும். அதை நாளுக்கு ஒரு பாரம் என்று வாசித்தால் வாசித்ததாகுமா? நாளுக்கு ஓர் அதிகாரம், 133 நாள். அதுதான் அதற்குரிய நடை.

பாரக் கணக்கு கவிதையையும் பழந்தமிழையும் வாசகரிடமிருந்து விலக்கிவிடும் என்று பயப்படுகிறேன்.

உப்புவெளி — 02.02.2025

ரீச்சர் சொல்வது நியாயம். உரைநூலுக்கும் கவிதைக்கும் ஒரு பாரத்தை இரண்டாக எண்ணலாம்.

உப்புவெளி — 20.02.2025

மேலே இரண்டாக எண்ணலாம் என்றேன். வேண்டாம். இரண்டரைக் கிழமை அப்படிக் கணக்கு வைத்துப் பார்த்தால் எதற்கு இரண்டு, எதற்கு ஒன்றரை என்ற தீர்ப்பிலேயே நேரம் போகிறது. மாத இலக்குக்குக் கிட்ட வரும்போது எல்லாம் கனமான புத்தகமாகத் தெரியத் தொடங்குகிறது.

இப்போது சரியாகப் படுவது இதுதான். கவிதை, பழந்தமிழ், சமய நூல் மூன்றையும் கணக்குக்கு வெளியே வையுங்கள். கொப்பியில் இலக்கமும் திகதியும் மட்டும். பாரம் எழுத வேண்டாம். காலையில் பத்து நிமிடம் அவற்றுக்கு, 300 பாரம் மற்றவற்றுக்கு. முடிக்க வேண்டிய அவசரம் உரைநடைக்கு மட்டும் இருக்கட்டும்.

சாம்பல்தீவு — 21.02.2025

இது நல்லது. ஏற்றுக்கொள்கிறேன்.

திருக்கடலூர் — 09.03.2025

எதில கைவிடுறது எண்டுதான் தெரியேல்ல. 300 பக்கத்தில 120 வந்திட்டன், ஓடுதில்ல. விட மனமும் இல்ல.

உப்புவெளி — 09.03.2025

மூன்று பாரம். 48 பக்கத்தில் நின்று கேளுங்கள்: நாளைக்கு இதை எடுப்பேனா? இல்லையென்றால் விடுங்கள். 160 பக்கத்துக்குக் குறைந்த புத்தகமானால் இரண்டு பாரம் போதும். அந்த எல்லையைத் தாண்டினால் முடித்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை, எந்த இடத்திலும் விடலாம். 120 பக்கம் போட்டோமே என்று மீதி 180ஐயும் போடுவது இன்னும் பதினொரு பாரம் இழப்பது. அந்தப் பதினொன்றில் வேறு ஒரு புத்தகம் முடியும்.

கைவிட்டது அலுமாரிக்குத் திரும்பக் கூடாது. இதுதான் எல்லாரும் பிழை விடும் இடம். திரும்பி வைத்தால் அது மறுபடியும் வாசிக்காத புத்தகம். கதவுக்குக் கிட்ட ஒரு பை தொங்கவிடுங்கள், கைவிட்டது நேரே அதற்குள். வாசித்த அளவு பாரம் மட்டும் வாசிப்புக் கணக்கில் வரும். மீதிப் பாரத்தை மொத்தத்திலிருந்து கழியுங்கள்.

மூதூர் — 30.03.2025

மின்னூல் பற்றி யாரும் கதைக்கேல்ல. 1998 பொங்கலில் தொடங்கின மதுரைத் திட்டம் (தமிழ் நூல்களை மின்னூலாக்கும் திட்டம்), ‘நூலகம்’ இரண்டிலும் இருந்து இறக்கின கோப்புகள் மட்டும் என் கணக்கில் 400க்கு மேல். இவையும் வாசிக்காத புத்தகமா?

கிண்ணியா — 30.03.2025

இல்லை. அவை பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன, எப்போதும் எடுக்கலாம். இறக்கி வைத்ததால் உங்கள் கடனாகாது. தொடங்கிய அன்று கொப்பியில் ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கோப்பின் பக்க எண்ணைப் பார்க்காதீர்கள். மின்வருடிய பழைய நூல்களில் திரையில் ஒரு பக்கம் என்பது புத்தகத்தின் இரண்டு பக்கமாக இருக்கும். அச்சான பக்க எண் படத்திலேயே தெரியும், அதை எடுங்கள்.

சாம்பல்தீவு — 18.05.2025

நூல் வெளியீட்டு விழாக்களைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் புத்தகம் கூடுவதற்கு அது ஒரு பெரிய வழி. அழைப்பு வந்தால் போகிறோம், உறையில் காசு வைத்துக் கொடுக்கிறோம், பிரதி கையில் வருகிறது. எழுதியவர் தெரிந்தவர், மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. உள்ளூரில் எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த உறையில்தான் அச்சுக்கூலி திரும்பி வருகிறது. இரண்டுக்கு ஒன்று என்ற விதி இங்கே பொருந்தாது.

கிண்ணியா — 18.05.2025

அதற்கு வேறு நிரல் வேண்டாம், வேறு கெடு வேண்டும். விழாப் பிரதிக்கு 30 நாள். அதற்குள் தொடங்கினால் வாசிப்புக் கணக்கு. தொடங்காவிட்டால் வாசிக்கக்கூடிய இன்னொருவரிடம் கொடுத்து, அவரிடம் கருத்துக் கேட்டு எழுதியவருக்குச் சொல்லுங்கள். அலுமாரியில் ஐந்து வருடம் கிடப்பதைவிட எழுதியவருக்கு அது பெரிய மரியாதை.

சாம்பல்தீவு — 19.05.2025

கையெழுத்திட்டுப் பெயர் எழுதித் தந்த பிரதியைக் கொடுக்க வேண்டாம். அதை மட்டும் வைத்திருங்கள்.

உப்புவெளி — 06.07.2025

எந்த வரிசையில் வாசிப்பது என்று தனியாகக் கேட்டார்கள், இங்கேயே எழுதுகிறேன். ஆசை ஒரு வரிசை. புத்தகத்தின் உடல்நிலை இன்னொரு வரிசை. கடற்கரையில் இருப்பவர்கள் இரண்டாவதை மறக்கக் கூடாது.

உப்புக்காற்றில் முதலில் போவது கம்பி அடித்த புத்தகங்கள். நடுவில் குத்திய கம்பி துருப்பிடித்து அந்த இடத்தில் தாளும் பழுப்பாகிக் கிழியும். சிறு சஞ்சிகை, பழைய மலிவுப் பதிப்பு எல்லாம் இந்த வகை. அடுத்து, முதுகில் பசை மட்டும் பூசிய புத்தகங்கள். சில வருடத்தில் பசை காய்ந்து வெடித்து, திறந்தால் பக்கம் கையோடு வரும். தைத்தவை நீண்ட காலம் பொறுக்கும். ஆகவே கம்பி, பசை, தையல் என்ற வரிசையில் ஒவ்வொரு தட்டிலும் இடமிருந்து வலமாக அடுக்குங்கள். இடக்கைப் பக்கத்திலிருந்து எடுத்து வாசியுங்கள்.

மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து 5 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து ஒரு சாண் உயர வேண்டும். புத்தகத்தை நெருக்கிச் செருகாதீர்கள், ஒரு விரல் போகும் இடைவெளி வேண்டும். பொலித்தீன் சுற்றியபடியே அடுக்கி வைப்பது பெரிய பிழை. உள்ளே போன ஈரம் வெளியே வராது.

பூஞ்சணம் கண்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், தாளுக்குள் இறங்கிவிடும். நிழலில் காற்றோட்டமாக நிறுத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் போட்டால் அட்டை வளையும், மை வெளிறும்.

மூதூர் — 06.07.2025

துளைக்கும் பூச்சிக்கு?

உப்புவெளி — 06.07.2025

காய்ந்த புத்தகத்தைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, இறுக்கக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே கிடந்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் நீர் பையின் மேல் படியும், தாளில் படியாது. இது பூச்சிக்கு மட்டும்தான். பூஞ்சணம் இதனால் சாகாது. பொலித்தீன் பிழை என்று மேலே சொன்னதும் இதுவும் முரணல்ல: அங்கே மாதக்கணக்கு, இங்கே 15 நாள்.

திருக்கடலூர் — 14.09.2025

கொழும்பில புத்தகக் கண்காட்சி வருது. இரண்டுக்கு ஒண்டுக் கணக்கில எனக்கு நாலு புத்தகம் வாங்க இடமிருக்கு. அதுக்கு மேல போகாம எப்பிடிப் பார்க்கிறது?

கிண்ணியா — 14.09.2025

போவதற்கு முன் அலுமாரியின் ஒவ்வொரு தட்டையும் முதுகு தெரியும்படி கைபேசியில் படம் எடுங்கள். ஏற்கனவே இருப்பதை இரண்டாம் தரம் வாங்குவது அதனால் நிற்கும். நாலு தலைப்பை எழுதிக்கொண்டு போங்கள், ஐந்தாவதாக ஒன்று கண்ணில் பட்டால் பட்டியலில் ஒன்றை வெட்டி அதை எழுதுங்கள். முதல் சுற்றில் வாங்காமல் நடந்து பாருங்கள், விலையை மட்டும் குறியுங்கள். கழிவு என்பதற்காகத் தொகுதியாக வாங்காதீர்கள். ஆறு பாகத்தில் உங்களுக்கு வேண்டியது ஒன்றென்றால் அந்த ஒன்றுக்கு முழு விலை கொடுப்பதே இலாபம்.

திருக்கடலூர் — 01.10.2025

செப்டம்பர் 30 வரைக்குமான கணக்கு. தொடங்கினது 112 புத்தகம், 1,490 பாரம்.

முடிச்சது 12, அதில 129 பாரம். கைவிட்டது 14, அதில வாசிச்சது 42 பாரம், வாசிக்காம விட்டது 160. உள்ள வந்தது 9, விழாப் பிரதியோட சேர்த்து, 118 பாரம். மிச்சம் 95 புத்தகம், 1,277 பாரம். இலக்குப்படி 195 வந்திருக்க வேணும், 171தான் வாசிச்சன். 24 பாரம் பின்னுக்கு நிக்கிறன்.

கிண்ணியா — 01.10.2025

24ஐப் பார்க்காதீர்கள். 1,490 இருந்தது 1,277க்கு இறங்கியிருக்கிறது, 213 பாரம் குறைவு. முன்பு கூடிக்கொண்டே போன தொகை முதல் தரமாக இறங்குகிறது. வாசித்ததால் 171, விட்டதால் 160. இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

உப்புவெளி — 02.10.2025

கணக்கில் ஒன்று தெரிகிறது, சொல்லாமல் விட முடியாது. முடித்த 12இன் சராசரி பத்தே முக்கால் பாரம், அதாவது 172 பக்கம். தொடக்கத்தில் 112இன் சராசரி 13.3. இப்போது மிஞ்சிய 95இன் சராசரி 13.4. பாரத்தில் எண்ணியும் கை மெல்லியதற்கே போயிருக்கிறது. இப்படியே விட்டால் வருடா வருடம் அலுமாரி தடித்துக்கொண்டு வரும். டிசம்பரில் பாரக் கணக்கு இதைத் தடுக்கும் என்ற தோரணையில் எழுதினேன். அது முழுவதும் சரியல்ல.

மழை மாதங்களை ஒரு தடித்த புத்தகத்துக்குக் கொடுங்கள். ஒக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு 105 பாரம் இருக்கிறது. அதில் 40, 45 பாரமுள்ள ஒன்று. ஒரு நாளுக்கு ஒரு பாரம் என்றால் ஆறு கிழமையில் முடியும். மற்ற 60 பாரத்துக்கு வழமைபோல.

இன்று விஜயதசமி. நேற்றுப் பூசைக்கு வைத்த புத்தகங்களை இன்று எடுத்து ஏடு தொடக்குவது வழக்கம். அந்தத் தடித்ததை இன்றே தொடங்கலாம்.

திருக்கடலூர் — 02.10.2025

704 பக்கத்தில ஒண்டு இருக்கு, 44 பாரம். பசை போட்ட முதுகு, இன்னும் திறக்கவே இல்ல. நடுவில விரிச்சா வெடிக்கும் போல கிடக்கு.

உப்புவெளி — 02.10.2025

நடுவில் விரிக்காதீர்கள். மேசையில் முதுகு கீழே இருக்க நிறுத்துங்கள். முன்னட்டையை மேசையில் சாய்த்து விடுங்கள், பிறகு பின்னட்டையை. முன்னாலிருந்து பத்துத் தாள் எடுத்து, முதுகோரமாக விரலால் மேலிருந்து கீழ் மெல்லத் தடவுங்கள். பின்னாலிருந்தும் அப்படியே பத்துத் தாள். மாறி மாறி நடுவுக்கு வாருங்கள். 352 தாள், இருபக்கமும் சேர்த்து 35 தரம் வரும், பத்து நிமிட வேலை. பசை குளிர்ந்து இறுகியிருக்கும் மழைக்காலை நேரத்தில் செய்யாமல் பகல் சூட்டில் செய்யுங்கள்.